மூடியின் மேல் ஒரு பொட்டு

1

"மூக்கு மேலயும் சந்தனத்த அப்பிட்டாங்களே, பிள்ளையாரு எப்பிடி மூச்சு விடுவாரு?"

இதைக் கேட்டவள் பக்கத்து வீட்டுப் பாரதி. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. தீர்த்தமலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று அவருக்குச் சந்தனக் காப்பு. தும்பிக்கை நுனி வரை வழித்துப் பூசியிருந்தார்கள். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "நாளைக்குக் காலையில அபிஷேகத்துல கலைச்சிடுவோம் பாப்பா" என்றார்.

"அதுவரைக்கும்?" என்றாள் பாரதி.

அர்ச்சகர் அடுத்தவரின் தட்டை வாங்கப் போய்விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடுவது பக்திக்கும் உதவும், பதில் தெரியாத நேரத்துக்கும் உதவும்.

அந்த "அதுவரைக்கும்?" மனதில் கிடந்து கிடந்து இந்தக் கதையானது. கதையோ, பழைய டிராக்டர் ஒன்றின் ஸ்டீயரிங் ஏன் கனத்துப்போனது என்பதைப் பற்றியது. பிள்ளையாருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கெட்டிக்கார எழுத்தாளர் எவரும் பாரதியின் கேள்வியை முதல் வரியில் வைத்திருக்க மாட்டார். முடிச்சு அங்கேயே பாதி அவிழ்ந்துவிடுகிறது. அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். குழந்தை கேட்ட கேள்வியை அடிக்க மனம் வரவில்லை. ஆகவே இந்தக் கதையில் வருகிறவர்களைவிட நீங்கள் ஓரடி முன்னால் நிற்பீர்கள். அங்கிருந்து அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

[சரி, கொஞ்சம் சிரிக்கலாம்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "காரிமங்கலத்துக்குக் கிழக்கே செம்மண் சிவந்து கிடந்தது. வானத்தில் மேகங்கள்…" [நிறுத்திவிட்டேன். செம்மண் வேறு எப்படிக் கிடக்கும்?]

அடுத்தது: "எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங் என்பது, ஒரு பம்ப், ஒரு டேங்க், ஒரு வால்வு ஆகியவற்றை உள்ளடக்கியதாகும்." [இதைப் படித்த என் மனைவி, "பரீட்சை எப்போங்க?" என்றாள்.]

மூன்றாவது: "சுகுணாவின் இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது."

இது நிற்கட்டும். ஒருவரின் வலியிலிருந்து தொடங்கினால் கதை வழி தவறாது என்பது என் நம்பிக்கை.

டிரெய்லரிலிருந்து வழுக்கி விழுந்து முறிந்த கை அது. கட்டுப் போட்டார்கள், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கணவன் குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். காலமான மாமனார் ராஜப்பன் வாங்கிப்போட்ட டிராக்டரைச் சுகுணாதான் ஓட்டுகிறாள், சொந்தக் காட்டு உழவுக்கும் ஊரார் காட்டு உழவுக்கும். வயதான வண்டிதான். ஆனால் பவர் ஸ்டீயரிங் உள்ளது. பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். நாம் ஸ்டீயரிங்கைத் தொட்டுத் திருப்பினால், அந்த அழுத்தம் போய் முன்சக்கரங்களைத் திருப்பிவிடும். நம் கை கேட்டால் போதும், பாரத்தை எண்ணெய் சுமக்கும். நல்ல பிரார்த்தனையும் இப்படித்தான், நாம்…

[உபதேசம் சீக்கிரமே வந்துவிட்டது. பின்னால் இடம் இருந்தால் பார்ப்போம்.]

ஆயுத பூஜை முடிந்த சில நாட்களில் ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கியது. எப்போதும் அல்ல, சில நேரம் பூப்போல், சில நேரம் பாறைபோல். அதிலும் இடது பக்கம் திருப்பும்போது மோசம். ஐப்பசி மழை இரண்டு முறை பெய்து, கொள்ளு விதைக்க எல்லாரும் உழவுக்கு அழைக்கும் நேரம். வரப்போரம் வண்டியைத் திருப்ப முடியாமல் சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை டிராக்டர் புரோக்கர் காளியப்பன் பார்த்துவிட்டார். அன்றே குமாருக்குப் போன் போய்விட்டது.

"சந்தை அன்னிக்கி வந்து பாக்கறேன்னாரு. வித்துரலாம் சுகுணா. அந்தக் கைய வெச்சிக்கிட்டு ஏன் செரமப்படற?" என்றான் குமார்.

"வித்துட்டு?"

"வூட்ல இரு."

"வூட்ல இருந்தா கையி நேராயிடுமா?"

சந்தை அன்று பேசிக்கொள்ளலாம் என்று குமார் போனை வைத்தான். அவன் கெட்டவன் அல்ல. அவள் கை நோவது அவனுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வண்டி ஒருமுறை போனால் இன்னொன்று வராது, தான் இனி எந்தச் சீட்டிலும் ஏறப்போவதில்லை என்பது சுகுணாவுக்குத் தெரியும். சந்தை நாளுக்குள் ஸ்டீயரிங் சரியாக வேண்டும். இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான்.

3

மாமியார் தீர்த்தம்மாளைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதினேன். கதை என்றால் மாமியார் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் பேனாவுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் வாயில் கடுஞ்சொல் ஒன்றை வைத்தேன். மறுநாள் படித்தபோது அந்தச் சொல் அவருடையதாகவே இல்லை. இரவல் புடவை கட்டிக்கொண்டு நிற்பவர்போல் இருந்தார். அந்த வரியை அடித்தேன். பிறகு அவர் தாமாகவே பேசினார்.

ஆயுத பூஜை அன்று டிராக்டரைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். தீர்த்தம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விளக்குக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, பானெட்டுக்குப் பட்டை.

"ஏம்மா, இந்தத் திருப்பறதுக்கு எண்ணெய் எதுல ஊத்துவாங்க?"

"அதா, அந்தச் சின்ன மூடி. எதுக்கு அத்தை?"

பதில் சொல்லாமல் அந்த மூடியின் நடுவில் சந்தனத்தை அழுத்தி வைத்தார். அதன் மேல் குங்குமம். மறுபடி சந்தனம்.

"போதும் அத்தை! வண்டிய பஜ்ஜி மாவுல முக்கி எடுத்தாப்புல ஆயிடுச்சு."

"நீ சும்மா இரு. உன் கையி நொந்ததுல இருந்து இந்த எண்ணெயிதான உனக்குக் கையி. அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?"

சுகுணாவுக்குத் தொண்டை அடைத்தது. வேறு ஒன்றும் அடைத்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.*

ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கியதும் தீர்த்தம்மாள் பயந்துபோனார். பூஜையில் குறை வைத்துவிட்டோமோ என்று நினைத்தார். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு வந்து, அதே மூடியில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார். வண்டி கனக்கக் கனக்கச் சந்தனமும் தடித்தது.

* அந்த மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. டேங்கில் எண்ணெய் ஆறிச் சுருங்கி இறங்கும்போது அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இடது பக்கம் திருப்பும்போது எண்ணெய் இன்னும் கொஞ்சம் இறங்கும். காற்று போகாவிட்டால் பம்ப் எண்ணெயை உறிஞ்சத் திணறும், அழுத்தம் விழும். அடிக்குறிப்பில் முடிச்சை அவிழ்ப்பது மரியாதை அல்ல. ஆனால் நீங்கள்தான் ஓரடி முன்னால் நிற்கிறீர்களே.

4

மெக்கானிக் மாதேஷ் புதிதாகப் பிரஷர் மீட்டர் ஒன்று வாங்கியிருந்தான். அதை வெளுத்துப்போன கட்டம் போட்ட துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தான்.

வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்தான். சரியாக இருந்தது. மூடினான். பம்பிலிருந்து வரும் ஓஸ் குழாயில் மீட்டரை இணைத்து, வண்டியைக் கிளப்பி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துத் திருப்பினான். முள் ஏறி அசையாமல் நின்றது.

"பிரஷர் கல்லு மாதிரி நிக்குதுங்கக்கா. வண்டி நல்லாத்தான் இருக்குது."

அவன் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பியபோது, ஸ்டீயரிங் பாறை.

மறுபடி வந்தான். எண்ணெய் அளவைப் பார்த்தான். ஃபில்டரை மாற்றினான். ஓஸ்களைத் தடவிப் பார்த்தான். வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டினான். முள் கல்லாக நின்றது. அவன் போனான். பாறை.

"நீ இருக்கற வரைக்கும் பசுமாடு, நீ தலை மறைஞ்சதும் எருமைக் கெடா" என்றாள் சுகுணா.

"என்னக் கண்டா அதுக்கு ஒரு மரியாதைங்கக்கா."

"அப்போ ஐப்பசி முடியற வரைக்கும் நீயும் எங்கூட ஏறி உக்காந்துக்க. உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அவ சந்தோசமா அனுப்பிடுவாளுங்க. அதான் பயமா இருக்குது."

தீர்த்தம்மாள் மோர்ச் சொம்போடு வந்தார். "அவன் கைராசி அது. தொட்டா சரியாயிடுது. நீ போனப்பறம் நிக்க மாட்டேங்குதே மாதேசு, அதுக்கு எதாச்சும் பண்ணு."

மாதேஷ் அவர் முகத்தைப் பார்க்காமல் மோரை வாங்கிக் குடித்தான்.

நீங்கள் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் அளவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அவன் மூடியைத் திறந்தான். டேங்க் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்துக்கு வண்டி சுகமாக இருந்தது. முதலில் எண்ணெயைப் பார் என்பது நல்ல மெக்கானிக்கின் நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கமே நோயை மறைத்தது. இதிலிருந்து நாம் பெறும் நீதி…

[ஒன்றும் இல்லை. நல்ல பழக்கங்களைக் கைவிடாதீர்கள்.]

5

மாதேஷ் ஏன் தீர்த்தம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை? எழுதும்போது எனக்கே தெரியவில்லை. அவன் குனிந்துகொண்டான், அவ்வளவுதான். காரணம் தேடிக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருந்தது.

மாதேஷ் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. ராஜப்பன் உயிரோடு இருந்த காலம். இதே டிராக்டரின் ஏர் ஃபில்டரைக் கழுவ வந்தான். திறந்து கிடந்த குழாயில் புழுதி போகாமல் இருக்க ஒரு கட்டம் போட்ட துணியைத் திணித்தான். ஃபில்டரை மாட்டினான். துணியை மறந்தான்.

வண்டி கிளம்பவில்லை. ராஜப்பன் கத்திய கத்தலில் அண்டை வீட்டார் எல்லாம் வந்துவிட்டார்கள்.

"ஓடிக்கிட்டு இருந்த வண்டிய சாவடிச்சிட்டான்! இவன வூட்டுப் பக்கமே அண்ட விடாதீங்க!"

மாதேஷ் எதையோ வாங்கி வருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பாலத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தான். திரும்பியபோது தீர்த்தம்மாள் வண்டியருகில் நின்றிருந்தார்.

"இப்போ ஒருக்கா போட்டுப் பாரு மாதேசு. பிள்ளையாரக் கும்பிட்டுக்கிட்டுப் போடு."

போட்டான். கிளம்பிவிட்டது. ராஜப்பன் அசந்துபோய், "பையன் வெவரமான ஆளுதான்யா" என்று ஊர் முழுக்கச் சொன்னார். அந்தப் பெயரில்தான் மாதேஷ் பிழைத்தான். அன்று புறப்படும்போது தீர்த்தம்மாள் ஒரு பை நிறைய நிலக்கடலை கொடுத்தார். வீட்டில் கொட்டிப் பார்த்தபோது அடியில் அந்தத் துணி, துவைத்து, மடித்து.

அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவனும் பேசியதில்லை.

யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். தெரியாது, நான் எழுதினேன். ஆனால் இப்படி ஏதோ ஒன்று எல்லாருக்கும் நடந்திருக்கிறது. நம் தவறை எடுத்து, துவைத்து, மடித்து, கடலைக்கு அடியில் வைத்துத் திருப்பித் தந்த ஒருவர் உங்களுக்கும் இருந்திருப்பார். அவரை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

6

சந்தைக்கு முந்தின நாள். சுகுணா வண்டியைக் காட்டுக்கு ஓட்டினாள். மாதேஷ் மட்கார்டில் உட்கார்ந்திருந்தான். மீட்டரை முன்பே இணைத்தாயிற்று.

"இன்னிக்கி நீ எதையும் தொறக்கக் கூடாது, கழட்டக் கூடாது. கையக் கட்டிக்கிட்டுப் பாரு" என்றாள் சுகுணா.

"எண்ணெய் மட்டும் ஒருக்கா…"

"மாதேசு!"

கையைக் கட்டிக்கொண்டான். காலை முழுக்க உழவு ஓடியது. சாப்பிட நிறுத்தினார்கள், இன்ஜின் ஆறியது. மறுபடி கிளப்பி, வரப்போரம் இடது பக்கம் திருப்பினாள். முள் ஏறவில்லை. நடுங்கிக்கொண்டே கீழே விழுந்தது. பம்ப் முனகியது. சுகுணா இடது கையையும் கொடுத்து இழுத்தாள், முகம் வெளுத்தது.

"பாத்தியா? இதத்தான் சொன்னேன்."

அதே நேரம் போன் அடித்தது. காளியப்பன். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டே இறங்கி, வேப்பமரத்துப் பக்கம் நடந்தாள்.

மாதேஷின் கைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இறங்கிப்போய் மூடியைத் தளர்த்தினான்.

புஸ்.

முங்கிக் கிடந்தவன் தண்ணீருக்கு மேல் வந்து மூச்சு இழுத்தாற்போல் ஒரு சத்தம். முனகல் நின்றது. ஏறி ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தான். முள் கல்லாக நின்றது. மூடியை இறுக்கிவிட்டு ஒடித்தான், மறுபடி மறுபடி. முள் விழுந்தது. தளர்த்தினான். ஏறியது.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலே காய்ந்து, அடுக்கடுக்காய், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாய்ச் சந்தனம். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

அங்கேயே உழவுச் சாலின் புழுதியில் உட்கார்ந்துவிட்டான். இது யாருடைய விரல் என்று அவனுக்குத் தெரியும். எதற்காக வைத்த விரல் என்றும் தெரியும். சுகுணா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அப்போது அவன்,

[இந்த வாக்கியம் இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்.]

சுகுணா திரும்பி வந்து ஏறி, ஸ்டீயரிங்கைத் தொட்டாள். இடது. வலது. மறுபடி இடது.

"என்னா பண்ண?"

"காத்து போற வழியில தூசு அடைச்சிருந்துச்சுங்கக்கா. எடுத்துட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மூக்க விட்டுட்டு இத்தன நாளா வயித்தத் தடவிக்கிட்டு இருந்திருக்கேன்."

"மறுபடியும் எருமையாச்சுன்னா?"

"ஆவாதுங்க."

 காய்ந்த சந்தனத்தைத் தூசு என்று சொல்வது பொய்யா? நான் பொய்க்கு எதிரானவன். இதை நாள் முழுக்க யோசித்தேன். அரைத்த கட்டையின் பொடி காய்ந்தால் தூசுதான் என்று முடிவுக்கு வந்தேன். மாதேஷுக்காக நான் வாதாடுவதுபோல் உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், வாதாடுகிறேன்.

7

முடிவுகள்.

ஒன்று: மாதேஷ் உண்மையை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறான். ஊர் சிரிக்கிறது. தீர்த்தம்மாளும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் மறு வெள்ளி முதல் சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. மருமகளின் கைக்காக வேண்டியதே அவள் கையை நோகவைத்தது என்று தெரிந்த பிறகு அவர் எப்படித் தொடுவார்? [எழுதினேன். கிழித்தேன்.]

அடுத்து: அற்புதம் நடக்கிறது, தானாகவே சரியாகிறது. [ஆண்டவனிடம் எனக்குப் பக்தி உண்டு. அதனாலேயே அவர் செய்யாத வேலையை அவர் கணக்கில் எழுத மாட்டேன்.]

இனி, நடந்தது: சந்தை அன்று காளியப்பன் வந்தார். சுகுணா வண்டியைக் களத்தில் அவரைச் சுற்றியே ஒரு வட்டம் போட்டு நிறுத்தினாள், ஒற்றை வலது கையால்.

"ஏம்மா, ஒத்தக் கையில திருப்பற! அப்போ நான் அன்னிக்கிப் பாத்தது?"

"அன்னிக்கி அதுக்குச் சளி புடிச்சிருந்துச்சுங்கண்ணே."

"அப்போ வண்டி?"

"இறங்கி டீ குடிச்சிட்டுப் போங்க. வண்டிக்கு உழவு இருக்குது."

குமாருக்கு அவரே போன் போட்டு, "உன் பொண்டாட்டி குடுக்க மாட்டா தம்பி, ஆள வுடு" என்றார். அந்தப் பக்கம் குமார் சிரித்தது வெளியே கேட்டது. தீர்த்தம்மாள் உள்ளேயிருந்து, "நான்தான் வேண்டிக்கிட்டேன்ல!" என்றார். யாரும் மறுக்கவில்லை.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் என்னைவிடக் கவனமாகப் படிக்கிறவர் நீங்கள். "வெள்ளிக்கிழமை வருமே ஐயா!" என்கிறீர்கள்.

வந்தது.

தீர்த்தம்மாள் கிண்ணத்தோடு வந்தார். விரலில் சந்தனம் எடுத்தார். மூடிக்கு அருகே கொண்டுபோனார். விரல் சற்று நின்றது. தாம் நட்டநடுவில் வைத்த பொட்டு, இப்போது நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது.

அவருக்குப் புரிந்ததா? நிலக்கடலைப் பை நினைவுக்கு வந்ததா? அல்லது வயதாகிவிட்டது, கை கோணலாக வைத்துவிட்டோம் என்று மட்டும் நினைத்தாரா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் ஒன்றும் பேசவில்லை. எனவே அந்த விரலை உங்களிடம் விடுகிறேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: பழைய பொட்டின் மேலேயேதான் புதுப் பொட்டை வைத்தார்.

8

கிடப்பில் போட்ட வாக்கியம் பாக்கி இருக்கிறது.

அது யாரும் பார்க்காமல் நடந்த காரியம். பார்த்து எழுதினால் நானே சாட்சியாகிவிடுவேன். அதனால் தீர்த்தமலை அடிவாரத்தில் செய்ததுபோல் இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்களும் சுகுணாவைப்போல் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அப்போது அவன், மூடியில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டான். மெல்லிய கம்பியால் ஓட்டையைத் திறந்தான். வாயருகே வைத்து ஊதிப் பார்த்தான்; மூச்சு போயிற்று. கட்டம் போட்ட துணியால் மூடியைத் துடைத்தான். வெறும் மூடியைச் சிறிது நேரம் பார்த்தபடி இருந்தான். பிறகு சுகுணாவின் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு உள்ளங்கைச் சந்தனத்தைக் குழைத்தான். பூஜை அறையில் நிற்பவன்போல் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டையிலிருந்து ஒரு விரல் தள்ளி, விளிம்போரமாக, ஒரு பொட்டு வைத்தான். அது காயும் வரை மூடியை வெயிலுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.